கண்ணுக்குத் தெரியாத சீமாட்டி, தினம் மூன்று காட்சி

ட்ரெட்வெல் படுக்கையறைக் கதவைத் தாழிட்டான். அலமாரியில் தொங்கிய கோட்டுகளை இரண்டு கையாலும் ஒதுக்கித் தள்ளினான். பின்பலகையில் விரல் முட்டியால் தட்டினான். முதலில் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று என்பதுதான் அடையாளம். பதற்றத்தில் ஆறேழு தட்டிவிட்டான்.

“திற கெசியா! நான்தான்!”

பலகை நகர்ந்தது. உள்ளே ஒரே ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்கார இடம். முக்காலி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழாயின் வாய், கண்மட்டத்தில் காட்சிக்கூடத்தைப் பார்க்க மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. முக்காலியில் இருந்த பெண் இஞ்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டான். மாடிப்படியில நிக்கிறான். கோல்டர்.”

ரொட்டி பாதிக் கடியில் நின்றது.

“எ... எ... எந்...”

“எந்தக் கோல்டரா? உன் கோல்டர்தான்! மேரிலாந்துல இருந்து குதிரையில வந்திருக்கான். கையில பேப்பர். ‘உங்க சீமாட்டிக்குத் தெரியாததே கிடையாதாமே, ஓடிப்போன என் அடிமைப் பொண்ணு எங்கேன்னு கேட்டுச் சொல்லும்’னு எங்கிட்டயே சொல்லிட்டுச் சிரிக்கிறான்!”

கெசியா எழுந்தாள். எழுந்தவள் எங்கே போவாள்? அந்தப் பொந்துக்கு ஒரே வழி அலமாரி. அலமாரி இருக்கும் அறைக்கு ஒரே வழி காட்சிக்கூடம். கூடத்துக்கு ஒரே வழி மாடிப்படி. படி முழுக்க ஜனம். ட்ரெட்வெல் ஜன்னலைக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். கீழே சேணக்கடை முற்றத்தில் இரண்டு தடியன்கள் மூன்று குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இடுப்பில் சுருட்டிய கயிறு.

அவளை ட்ரெட்வெல் கூட்டிவந்து மறைத்து வைக்கவில்லை. ஜூன் மாதக் கடைசியில், கூடத்தைப் பெருக்கித் துடைக்கவென்று வந்தவள் அவள். அந்த வாரம்தான், பொந்தில் ஒளிந்து சீமாட்டியாகக் குரல் கொடுத்துவந்த பழைய பெண் ஒரு பல் வைத்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் போயிருந்தாள். காட்சியை மூடிவிட்டு எதிர்ச் சாராயக் கடையில் ‘படித்த பன்றி’ காட்டுகிறவனிடம் வேலை கேட்கலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தின் நடுவே தொங்கிய கண்ணாடிக் கோளம் பேசியது. “இங்கே என்ன உனக்குச் சோறா போட்டு வச்சிருக்கு? போ, போய்ப் பன்றிக்காரன் வீட்டுல குடியிரு!” என்றது, பட்டுப் போன்ற குரலில். பொந்துக்குள் கெசியா எலி விரட்டிக்கொண்டிருந்தாள்.

முகத்துக்கு நேரே நின்றால் தன் பெயரைச் சொல்லவே அவளுக்கு மூச்சு முட்டும். யார் கண்ணும் படாத பொந்தில் உட்கார்ந்தால் ஆறு மாதிரி ஓடும். அன்றிலிருந்து அவள்தான் சீமாட்டி. பாரிஸ் கன்னிமடத்தில் வளர்ந்தவள் என்று ட்ரெட்வெல் பேப்பரில் போட்டான். பிலடெல்பியா நம்பியது. இளவட்டங்கள் கோளத்துக்குக் காதல் கடிதம் எழுதினார்கள். அவளுடைய பால்வெள்ளைக் கையை ஒரே ஒரு முறை முத்தமிட வேண்டும் என்று ஒருவன் நாலு பக்கம் எழுதியிருந்தான். அதை ட்ரெட்வெல் படித்துக் காட்டியபோது, கெசியா தன் கறுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பேப்பர் வந்தது. மூன்றாம் பக்கம் முழுக்க விளம்பரம்தான். தொலைந்த பசு, வீட்டைவிட்டுப் போன மனைவி, வலியில்லாமல் பல் பிடுங்குகிறவர், மணி சொல்லும் பன்றி. நடுவில் ட்ரெட்வெல்லின் விளம்பரம்: ‘எவர் கண்ணும் இதுவரை காணாத சீமாட்டி.’ அதற்கு ஒட்டினாற்போல், மூட்டையோடு ஓடும் உருவத்தின் சின்னப் படம் போட்டு இன்னொன்று: ‘ஓடிப்போனாள். கெசியா என்னும் கறுப்பினப் பெண். வயது இருபத்தாறு. நெடிய உடல். இடது காதின் கீழ் தீப்பட்ட வடு. முகம் பார்த்துப் பேசினால் மிகவும் திக்குவாள். பிடித்துத் தருவோர்க்குத் தக்க வெகுமதி. ஜெர்விஸ் கோல்டர், மாவட்ட நீதிபதி.’

அச்சுக்கோர்த்தவனுக்கு இடம் நிரம்பினால் போதும். அவன் பாட்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் கோர்த்துவிட்டான்.

ட்ரெட்வெல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கருணை பாதி, கூட்டம் தரும் காசு பாதி. அந்த இரண்டில் எது பெரிய பாதி என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை. பென்சில்வேனியா மண்ணை மிதித்தால் விடுதலை என்று யாரோ சொன்னதை நம்பி அவள் வந்திருந்தாள். எஜமான் நேரில் வந்து தோளில் கை வைத்துவிட்டால் சட்டம் எஜமான் பக்கம் என்பது அவனுக்குத் தெரியும். இப்போது அவளுக்கும் தெரியும்.

கூடத்தில் கைத்தடிகள் தரையைத் தட்டின. “யோவ் ட்ரெட்வெல்! சீமாட்டி தலை சீவுறாளா, இல்லே நீ சீவி விடுறியா?”

“காட்சி இல்லைன்னு சொல்லிடறேன்” என்றான் ட்ரெட்வெல். “உனக்குக் காய்ச்சல்.”

கெசியா தலையை ஆட்டினாள். வார்த்தையைப் பிடித்து இழுக்க அவள் கழுத்து நரம்பு புடைத்தது. “ஜ... ஜனம்... உ... உள்ளே வ... வந்து பா... பாக்கும்.”

உண்மைதான். போன மாதம் பன்றிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதற்கு, ஜனம் கொட்டிலுக்குள்ளேயே புகுந்து பார்த்தது.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். பலகையைத் தானே இழுத்து மூடிக்கொண்டாள்.

காட்சி தொடங்கியது.

ஒரு மரச் சட்டத்தின் நாலு கால்களுக்கு நடுவே நாடாக்களில் தொங்கியது கோளம். அதிலிருந்து நாலு திசைக்கு நாலு பித்தளை ஊதுகுழல்கள். கோளம் எதையும் தொடவில்லை என்று காட்ட ட்ரெட்வெல் வழக்கம்போலக் குச்சியைச் சுற்றிலும் விட்டு எடுத்தான். ஊதுகுழல் வாய்க்கு எதிரே சட்டத்தின் காலில் இருக்கும் மெல்லிய பிளவை யாரும் பார்த்ததில்லை. தகரக் குழாய் அந்தக் காலுக்குள் இறங்கி, தரைக்கடியில் ஓடி, பொந்துக்குப் போகிறது. ஒருவருக்கு மூன்று கேள்வி. அது விதி.

முதலில் வந்தது பிம் என்கிற பேங்க் குமாஸ்தா. வாரம் இரண்டு முறை வருகிறவன். “என் கையில என்ன இருக்கு, அன்பே?”

“கடிகாரம். அஞ்சு நிமிஷம் பின்னாடி ஓடுது, உங்களை மாதிரியே” என்றது கோளம்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிம் மற்ற இரண்டு கேள்விகளையும் மறந்துபோய்ச் சிவந்த முகத்தோடு ஒதுங்கினான்.

கோல்டர் வந்தான். நாற்பது வயது, உயர்ந்த ரகப் பூட்ஸ், தலையில் தொப்பி. எடுக்கவில்லை. பேப்பரை மடித்துக் கோளத்துக்கு எதிரே நீட்டினான்.

“என் கையில இருக்கிறது என்ன?”

பதில் இல்லை.

ட்ரெட்வெல் தன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். ஊதுகுழலில் ஏதோ ஒரு சின்ன ஓசை. உதடு ஒட்டிப் பிரிகிற ஓசை. ப். மறுபடியும் ப். அவன் உரக்க இருமினான். “சீமாட்டிக்குக் காலையில இருந்து தொண்டை கரகரப்பு...”

“கரகரப்பா?” கோல்டர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். “பன்றிக்கு நாலு எழுத்துத் தெரியுதாம். பாரிஸ்காரிக்குப் பேப்பர்னு சொல்லத் தெரியலையே!”

சிரிப்பு. யாரோ கைத்தடியால் தட்டினார்கள். இன்னொருவன் தட்டினான். தரை அதிர்ந்தது. ட்ரெட்வெல் திருகிய பொத்தான் கையோடு வந்துவிட்டது.

அப்போது கோளம் பேசியது. பட்டுக் குரல் இல்லை. ட்ரெட்வெல் கேட்டே இராத குரல். கிழக் குரல், மூக்கால் வருவது, அதட்டிப் பழகியது.

“தொப்பியைக் கழட்டு, ஜெர்வி.”

கோல்டரின் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது. கழற்றிய பிறகுதான் தான் கழற்றிவிட்டது அவனுக்குத் தெரிந்தது. கூட்டம் அடங்கிப்போனது.

“யாரு?” என்றான். அது அவனுடைய இரண்டாவது கேள்வி.

கோளம் முணுமுணுத்தது. காதைக் குழலில் வைத்தால் மட்டும் கேட்கிற முணுமுணுப்பு. கோல்டர் குனிந்து காதை வைத்தான். ட்ரெட்வெல் ஓரடி நகர்ந்து பார்த்தான், ஒன்றும் காதில் விழவில்லை. கோல்டரின் முகம் மட்டும் தெரிந்தது. அதில் ரத்தம் நெற்றியிலிருந்து தாடைவரை வடிந்து இறங்கியது. யாரோ அடியில் ஓட்டை போட்டதுபோல.

கோல்டர் நிமிர்ந்தான். மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. முதுகுப்பக்கமாகவே பின்வாங்கி நடந்து, பிம்மின் காலை மிதித்து, மாடிப்படியில் இறங்கி ஓடினான். தொப்பி தரையில் கிடந்தது.

“என்னய்யா சொன்னா?” என்றது கூட்டம், ஒரே வாயாக.

“குடும்ப விஷயம்” என்றான் ட்ரெட்வெல். அவனுக்கு மட்டும் என்ன தெரியும்!

காட்சி முடிந்து கடைசி ஆள் இறங்கியதும் அலமாரிக்கு ஓடினான்.

“என்னத்தைச் சொன்னே? சொல்லு! அவன் போலீஸ்காரனோட திரும்பி வருவான். மூட்டையைக் கட்டு. பின் வழியா...” பின் வழி கிடையாது என்பது ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு ஓடினான். இரண்டு தடியன்களும் முற்றத்திலேயே நின்றார்கள். மூன்று குதிரைகளும் நின்றன. கோல்டர் நடந்தே எங்கோ போயிருக்கிறான். ஏன்? எங்கே?

“ப... பொழுது சா... சாயட்டும்” என்றாள் கெசியா.

“பொழுது சாய்ஞ்சா?”

அவள் தோளைக் குலுக்கினாள். மீதி இஞ்சி ரொட்டியை எடுத்துக் கடித்தாள். துணுக்குகள் மடியெல்லாம் கொட்டின.

மூன்று மணிக் காட்சியை நடத்தினார்கள். நடத்தாமல் எப்படி இருப்பது? காலையில் நடந்தது தெருவெல்லாம் பரவியிருந்தது. கூட்டம் இரண்டு மடங்கு. படியில் ஒவ்வொரு பூட்ஸ் சத்தத்துக்கும் ட்ரெட்வெல் கழுத்தைத் திருப்பினான். ஒரு பாதிரியார் வந்தார், ஒரு தொப்பிக் கடைக்காரி வந்தாள், கோல்டர் வரவில்லை. கெசியா பட்டுக் குரலில் மளமளவென்று பதில் சொன்னாள். தொப்பிக் கடைக்காரிக்கு வரப்போகும் மாப்பிள்ளை யார் என்றுகூடச் சொன்னாள். ஐந்து மணிக் காட்சியை ட்ரெட்வெல் ரத்து செய்தான். கீழே இறங்கிப்போய்ச் சேணக்காரனிடம் பேச்சுக் கொடுத்தான். ஏறி வந்தான். மறுபடி இறங்கினான். தடியன்களில் ஒருவன் அவனைக் கூப்பிட்டான்.

“ஏம்ப்பா, எங்க ஐயா மேல தூங்கிட்டாரா? காலையில இருந்து நாங்க ஒண்ணும் தின்னலை.”

ட்ரெட்வெல்லுக்கு அப்போதுதான் புரிந்தது. கோல்டர் இவர்களைக் காவல் வைத்துவிட்டுப் போகவில்லை. மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

சூரியன் எதிர்வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கும்போது படியில் சத்தம் கேட்டது. ஒரே ஒருவருடைய காலடி. ட்ரெட்வெல் கூடத்துத் திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். கோல்டர் வந்தான். வெறும் தலை. காலையில் விழுந்த தொப்பி நாற்காலியில் இருந்தது. அதன் பக்கம்கூடத் திரும்பவில்லை. உள்கோட்டிலிருந்து அரக்கு முத்திரை வைத்த காகிதச் சுருளை எடுத்தான். சுருளை ஊதுகுழலுக்குள் செருகினான். கை வழுக்கிற்று, மறுபடி செருகினான்.

“எழுதிட்டேன்மா” என்றான் கோளத்திடம். “நகர அதிகாரி முன்னாடியே கையெழுத்துப் போட்டேன். பேப்பர்க்காரன்கிட்டயும் சொல்லிட்டேன், நாளையில இருந்து விளம்பரம் வராது. இதோட விட்டுரும்மா.”

அவன் கொஞ்ச நேரம் நின்றான், திட்டு வாங்கக் காத்திருப்பவன் மாதிரி. பிறகு போய்விட்டான். முற்றத்தில் குதிரைகள் கிளம்பின. சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்து மறையும்வரை ட்ரெட்வெல் திரைக்குப் பின்னாலேயே நின்றான்.

சுருளை உருவிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனான். “வெளியே வா! போயிட்டான்!”

பலகை திறக்கவில்லை. பின்னால் கூடத்திலிருந்து, கோளத்திலிருந்து, குரல் வந்தது. பட்டுக் குரலுமில்லை, கிழக் குரலுமில்லை. சாதாரணக் குரல்.

“கூடத்துலயே உட்காருங்க ஐயா. வெளியே வந்தா விடிய விடியச் சொல்லணும். இங்கேருந்தே சொல்லிடறேன்.”

இந்தக் குரலை ட்ரெட்வெல் இதுவரை கேட்டதில்லை. போய் நாற்காலியில், பிம் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, காதை ஊதுகுழலில் வைத்தான்.

“அவன் மூஞ்சியைப் பாத்ததும் என் நாக்கு செத்துப்போச்சு. பெரிய எஜமானியம்மா நாக்கு சாகலை. அவனோட அம்மா. இருபது வருஷம் அந்தம்மா திட்டினதைக் கேட்டிருக்கேன். அவங்க மாதிரி பேசினா எனக்குத் திக்காது. அடுப்படியில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

“அது சரி, காதுல என்ன சொன்னே?”

“அவங்க செத்த அன்னைக்குக் காலையில நான் அந்த அறையில படுக்கைத் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். வைத்தியர் இன்னும் வரலை. இவன் மேஜையைக் குடைஞ்சு ஒரு காகிதம் எடுத்தான். படிச்சான். அடுப்புல போட்டான். கம்பியால குத்திக் குத்தி எரிச்சான். நான் மூணடி தள்ளி நிக்கிறேன். நாற்காலியும் நிக்குது, நானும் நிக்கிறேன். எங்க ஊர்ல கறுப்பு ஆள் சாட்சி வெள்ளைக்காரனுக்கு எதிரா கோர்ட்ல ஏறாது. அவனுக்கு என்ன பயம்?”

“அப்புறம்?”

“‘அன்னைக்குக் காலையில நீ எரிச்ச காகிதத்துக்கு இரட்டைப் பிரதி ஒண்ணு இருக்கு ஜெர்வி, இந்த ஊர்லதான் இருக்கு. விளம்பரத்தை எடு. எரிச்சதுல கெசியாவைப் பத்தி இருந்ததை எழுத்து மாறாம மறுபடி எழுது. பொழுது சாயறதுக்குள்ள இங்கே கொண்டு வந்து வை. இல்லாட்டி இரட்டை பேசும்’னேன்.”

ட்ரெட்வெல் தொடையில் அடித்துக்கொண்டான். “அடி ராட்சசி! நீதிபதி வேலை பாக்கிறவன் ஆச்சே, வேர்க்காம என்ன செய்யும்! அந்த இரட்டை எங்கே? பத்திரமா வச்சிருக்கியா? அவன் யோசிச்சுப் பாத்துட்டுத் திரும்பி வந்தா அதுதானே நமக்குப் பிடி?”



“இரட்டையெல்லாம் ஏது ஐயா?”

“என்னது?”

“இரட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவன் எரிச்சது என்ன காகிதம்னே எனக்குத் தெரியாது. எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? அடுப்புல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பி என்னைப் பாத்தான். அவ்வளவுதான். மறுநாள் என்னை வீட்டு வேலையில இருந்து தூக்கி மாவு மில்லுல போட்டான். அதை வச்சு ஒரு கல்லை விட்டு எறிஞ்சேன்.”

ட்ரெட்வெல் காதை எடுத்துவிட்டுக் கோளத்தையே பார்த்தான். அது கோழித் தீவன ரசீதாக இருந்திருந்தால்? கோல்டர் சிரித்திருந்தால்?

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா?”

“உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருந்தா கிறிஸ்துமஸ் வந்திருக்கும். படிங்க ஐயா. சீக்கிரம் படிங்க. என்ன எழுதியிருக்கான்?”

அவன் அரக்கை உடைத்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எழுந்து ஜன்னலோரம் போகலாம் என்றால் அவளுக்குக் கேட்காது. கோளத்துக்கு அருகிலேயே காகிதத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தான்.

“‘இதனால் சகலருக்கும் அறிவிப்பது. என்னுடைய உடைமை என்று நான் விளம்பரம் செய்திருந்த கெசியா என்னும் பெண்ணின்மேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எவ்வித உரிமையும் இல்லை...’”

குழாய்க்குள் ஒரு மூச்சு இழுபட்டது. “அப்போ இன்னைக்குத் தேதியில இருந்து நான்...”

“இரு. இன்னும் இருக்கு.” அடுத்த வரியை அவன் மனதுக்குள் ஒரு முறை படித்தான். மறுபடி படித்தான்.

“என்ன ஐயா? என்ன போட்டிருக்கு? படிங்களேன்!”

அவன் படித்தான்.

“‘...ஏனெனில் காலஞ்சென்ற என் தாயார் தம் கைப்பட எழுதிய உயிலின்படி, மேற்படி கெசியா, அவர் இறந்த ஆயிரத்து எண்ணூற்று ஒன்றாம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்தே, இந்த மூன்றரை வருஷமாக, யாருக்கும் அடிமையல்லாத சுதந்திரப் பெண்.’”